பாவாடையின் அகலமும் பாவத்தின் அளவும்

இலண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் ஒரு பெண்மணியின் உடுப்பு இருக்கிறது. 1740க்கும் 1745க்கும் இடையில், இங்கிலாந்தின் அரச சபைக்கு அணிந்து செல்வதற்கெனத் தைக்கப்பட்ட செம்பட்டு உடுப்பு அது. பெரியதொரு மரம் கிளைவிட்டுப் படர்ந்திருப்பதுபோல அதன்மேல் வெள்ளிச் சரிகையாற் பூவேலை செய்திருக்கிறார்கள். அந்தச் சரிகையின் நிறை மட்டும் ஏறக்குறைய 10 இறாத்தல். முன்னால் நின்று பார்த்தால், பாவாடை இடுப்பிலிருந்து இருபுறமும் மேசைப் பலகை போல நீண்டு நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். இவ்விதமான சபை உடுப்புகள் சில 6 அடி அகலம் வரை இருந்தன. அணிந்தவள் சாதாரணக் கதவால் நேரே நுழைய முடியாது. நண்டு போலப் பக்கவாட்டாகவே நுழைய வேண்டும்.

இதைப் பார்க்கும் எவருக்கும் முதலிற் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கியதும் கோபம் வரும். நாட்டிலே ஏழைகள் பாணுக்கு வரிசையில் நிற்க, இந்தப் பெண்களுக்கு இத்தனை வீண்பெருமையா என்று கேட்கத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டின் போதகர்கள் பலர் இதையே கேட்டார்கள். பெண்களின் ஆடம்பரத்தைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் நாமும் இப்படிப்பட்ட படங்களைக் காட்டியே பேசி வந்திருக்கிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் அந்த உடுப்புகளின் கதையைச் சற்று உள்ளே புகுந்து பார்த்தபோது, கேள்வி நான் நினைத்தது போல அவ்வளவு இலேசானதல்ல என்று கண்டேன். வீண்பெருமை அங்கே இருந்தது உண்மைதான். அது யாருடைய வீண்பெருமை?

பாவாடையை அகலமாக்கியது அதற்கு உள்ளேயிருந்த ஒரு கூடு. பிரம்பாலும், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கப்படும் வளையும் தகடுகளாலும் அதைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் அதற்கு 'பனியே' என்று பெயரிட்டனர். கூடை என்பது பொருள். கழுதையின் இருபுறமும் தொங்குகின்ற கூடையை நினைத்துக்கொண்டால் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1720ஆம் ஆண்டை அண்டி இது பாரிசிற் பரவியது. நகரத்துப் பெண்கள் வீட்டில் சிறிய கூட்டை அணிந்தார்கள். வேண்டாதபோது கழற்றியும் வைத்தார்கள். அரச சபையிலோ அப்படிச் செய்ய இயலாது. அங்கே உடுப்பு என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தை இட்டவன் பதினான்காம் லூயி மன்னன். வெர்சாய் அரண்மனையில் முறைப்படி மன்னன் முன் நிற்கும் பெண், இரும்பு போல் இறுகிய கச்சும், அகன்ற பாவாடையும், நிலத்தில் இழுபடும் நீண்ட பின்தொங்கலும் அணிய வேண்டும். கச்சு முதுகிலே கயிற்றால் இறுக்கிக் கட்டப்படும். தோள்கள் பின்னோக்கி இழுபடும். மன்னன் இறந்தான், அவனுடைய கொள்ளுப்பேரன் ஆண்டான், அவனுக்குப் பின் அவன் பேரனும் ஆண்டான். பட்டணத்து நாகரிகம் பத்துத் தரம் மாறியது. ஆயினும் சபை உடுப்பின் அடிப்படை 1789ஆம் ஆண்டுப் புரட்சி வரை மாறவில்லை. புதிதாகச் சபைக்கு அறிமுகமாகும் பெண், பின்தொங்கலில் கால் தடக்காமற் பின்னோக்கி நடந்து மூன்று முறை வணங்குவதற்கு, நடன ஆசிரியரிடம் முன்கூட்டியே பாடம் கேட்டாள். அரசிக்குப் பின்புறம் காட்டக் கூடாதல்லவா!

இங்கே ஒரு வேடிக்கையான சம்பவம். 1728ஆம் ஆண்டில், பதினைந்தாம் லூயியின் அரசி நாடகம் பார்க்கப் போனார். இருபுறமும் இரண்டு இளவரசிகள் அமர்ந்தனர். அவர்களுடைய பாவாடைக் கூடுகள் எழும்பி அரசியையே மறைத்துவிட்டன. முறைப்பாடு நாட்டின் முதன்மை அமைச்சரிடம் போயிற்று. அந்த அமைச்சர் கர்தினால் ஃபிளேரி. எழுபது வயது கடந்த அந்தத் திருச்சபை முதல்வர், அரசியின் இருபுறமும் ஒவ்வோர் ஆசனத்தை வெறுமையாக விடும்படி தீர்ப்பளித்தார். உடனே இளவரசிகள், தங்களுக்கும் அடுத்த நிலையிலுள்ள பெருமாட்டிகளுக்கும் இடையிலும் வெற்றிடம் வேண்டுமென்று கேட்டனர். பெருமாட்டிகளின் குடும்பத்தாருக்குக் கோபம் வந்தது. பெண்களின் அழகு பற்றிய சச்சரவா இது? இல்லை, யார் யாருக்கு எவ்வளவு தூரத்தில் இருப்பது என்பதே வழக்கு. பாவாடையின் அகலம் பதவியின் அகலமாகிவிட்டது.

இங்கிலாந்திலே இக்கூத்து இன்னும் நீண்டது. நூற்றாண்டின் முடிவில் நாகரிகம் மாறி, உடுப்பின் இடுப்பு மார்புக்குக் கீழ்வரை உயர்ந்துவிட்டது. ஆனாற் சார்லட் அரசி தமது சபையிற் பாவாடை வளையம் கட்டாயம் என்றார். ஆகவே பெண்கள் மார்புக்குக் கீழேயே அகன்ற வளையத்தைக் கட்டிக்கொண்டு, கூடாரத்துக்குள் நிற்பவர்போற் சபையில் நின்றார்கள். வெளியே எவரும் அணியாத அந்தப் பொருளை, அரண்மனைக்கென்றே தைப்பித்து அணிந்தார்கள். 1820இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் அதை நீக்கினான். ஒரு நூற்றாண்டுக் காலம் போதகர்களாற் செய்ய முடியாததை ஒரு கட்டளை செய்தது. பெண்ணின் மனத்திலேதான் அந்த வளையம் இருந்ததென்றால், கட்டளையால் அது எப்படிப் போயிருக்கும்?

1770ஆம் ஆண்டு வெர்சாய்க்கு மருமகளாக வந்தாள் ஒரு பதினான்கு வயதுப் பெண். ஒஸ்திரியாவின் பேரரசி மரியா தெரேசாவின் மகள், மரி அந்துவானெத். வந்த சில மாதங்களிலே அந்த இறுகிய கச்சை அணிய மறுத்தாள். அது ஓர் அரச விவகாரமாயிற்று. ஒஸ்திரியத் தூதுவர் வியன்னாவுக்குக் கடிதம் எழுதினார், தாய் கவலைப்பட்டார். ஈற்றிற் சிறுமி அடங்கினாள். மூச்சுவிட விரும்பிய குழந்தையிடம், மூச்சைவிட மரியாதை பெரிதென்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கச்சை அணிந்தது அவளுடைய ஆடம்பரம் என்று கணக்கெழுத எவராலும் முடியாது.

புனித தோமஸ் அக்குயினாஸ் தமது பெரிய இறையியல் நூலில் உடையைப் பற்றியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். கடுமையான தீர்ப்பை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் வியப்படைவார். தாம் வாழும் சமூகத்தின் வழக்கத்துக்கும் தம் நிலைக்கும் ஏற்ப உடுப்பதை அவர் குற்றமெனச் சொல்லவில்லை. பதவியில் இருப்போர் விலையுயர்ந்த உடை அணிவது, தம் சொந்த மகிமைக்காக அன்றி அப்பதவியின் மேன்மையைக் காட்டவே எனில் அது தகும் என்கிறார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாற் சபை உடுப்பணிந்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கடினம். அவள் சுமந்தது தன் மகிமையை அன்று, மன்னனின் மகிமையை. வெள்ளிச் சரிகை தொங்கும் சுவராக அவளை நிறுத்தி வைத்தார்கள். (ஆண்களின் மேலங்கிகளும் அக்காலத்திற் குறைவின்றிச் சரிகையாலும் பூவேலையாலும் மின்னின. அவற்றைப் பற்றிப் பிரசங்கங்கள் அதிகம் கேட்டதில்லை.)

அப்படியானாற் பெண்களுக்கு முழு விடுதலையா? அங்கேதான் நான் தயங்குகிறேன்.

1774இல் மன்னன் இறந்தான். மரி அந்துவானெத் அரசியானார். இப்பொழுது கட்டளை இடுபவர் அவரே. பாரிசின் சென்ற் ஒனோரே வீதியிற் கடை வைத்திருந்த ரோஸ் பெர்த்தன் என்னும் அலங்காரத் தையற்காரி, அரண்மனைக்கு வாரந்தோறும் வந்துபோகத் தொடங்கினார். சிகையலங்காரக்காரர் லெயோனார் மறுபுறம். இவர்களின் கைவண்ணத்தில் 'பூஃப்' என்ற தலையலங்காரம் உயர்ந்தது. கம்பி, குதிரைமயிர், பொய்முடி, மெல்லிய வலைத்துணி ஆகியவற்றால் கோபுரம் கட்டி, கொழுப்புப் பூசி, வெண்மாத் தூவி, இறகுகள் குத்துவார்கள். அரசன் அம்மைப்பால் குத்திக்கொண்டபோது, அதை நினைவுகூர மருத்துவத்தின் அடையாளமாகிய பாம்பும், உதய சூரியனும், ஒலிவ மரமும் பெண்களின் தலைமேல் ஏறின. 1778இல் 'பெல் பூல்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலேயரோடு பொருதியபோது, பாய்மரத்தோடு ஒரு கப்பலே தலையில் ஏறியதாகப் படங்கள் வந்தன. வண்டியில் நிமிர்ந்து இருக்க முடியாமற் பெண்கள் முழந்தாளிட்டுப் பயணஞ் செய்தார்கள் என்று அரசியின் பணிப்பெண் கம்பான் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். செபத்துக்கல்ல, தலைக்காக முழந்தாள்!

இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1775 மார்ச் மாதம் தாய் மரியா தெரேசா வியன்னாவிலிருந்து மகளுக்குக் கடிதம் எழுதினார். மகளின் தலையலங்காரம் 36 அங்குல உயரம் என்று கேள்விப்பட்டதாகவும், ஓர் இளம் அரசிக்கு அது வேண்டியதில்லை என்றும் அதிலே கண்டித்தார். மகள் அனுப்பிய மறுமொழி கவனிக்கத் தக்கது. இறகுகளை எல்லோரும் அணிகிறார்கள். தாம் மட்டும் அணியாவிட்டால் விசித்திரமாகத் தோன்றும் என்றார். எல்லோரும் என்றது யாரை? அரசியைப் பார்த்து அணிந்தவர்களை! நாடு முழுவதும் அவரைப் பார்த்து உடுக்க, அவர் நாட்டைப் பார்த்து உடுப்பதாகச் சொன்னார். பதினான்கு வயதில் அவரிடம் இல்லாத சுதந்திரம் இப்போது இருந்தது. அதை அவர் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நமது வீடுகளிலே கலியாணச் செலவு பற்றிப் பேசும்போது இதே மறுமொழியை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அரசியை மட்டும் ஏன் நோக வேண்டும்?

அவரைப் பின்பற்றிய இளம் பெருமாட்டிகள் கடன்பட்டார்கள்; தாய்மாரும் கணவன்மாரும் முறுமுறுத்தார்கள்; அரசி பிரெஞ்சுப் பெண்களை அழித்துவிடுவார் என்ற பேச்சு எழுந்தது. இதையும் கம்பான் அம்மையாரே சொல்கிறார். அவர் அரசியின் பகைவரல்லர், அன்பர்.

அந்தக் கடிதம் போய் வந்த அதே வசந்தகாலத்திற் பிரான்சில் வேறொரு காரியம் நடந்தது. 1774இல் விளைச்சல் பிழைத்திருந்தது. தானிய வியாபாரத்துக்கிருந்த கட்டுப்பாடுகளையும் அமைச்சர் துர்கோ நீக்கியிருந்தார். விலை ஏறியது. 1775 ஏப்பிரல் இறுதி முதல் மே மாதம் வரை பாரிசைச் சூழ்ந்த பிரதேசங்களில் 300க்கு மேற்பட்ட குழப்பங்கள் எழுந்தன. மக்கள் சந்தைகளிலும் பாண் கடைகளிலும் புகுந்து, தாங்களே நியாய விலை வைத்துத் தானியத்தையும் பாணையும் எடுத்தார்கள். வரலாறு இதை மாவுப் போர் என்று அழைக்கிறது. மே 11ஆந் திகதி பாரிசின் கிரேவ் சதுக்கத்தில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவன் பொய்முடி செய்பவன், வயது 28. மற்றவன் மெல்லிய வலைத்துணி நெய்யும் தொழிலாளி, வயது 16.

பொய்முடியும் வலைத்துணியும். அந்தத் தலைக்கோபுரங்கள் எவற்றாற் கட்டப்பட்டன என்பதை வாசகர் மேலே படித்தார். அந்த இருவரின் கைகளில் உருவானது எந்தச் சீமாட்டியின் தலைக்கும் போயிற்றென்று நான் சொல்லவில்லை. தலையிலே தூவிய மாவினாலேதான் பஞ்சம் வந்தது என்று சொல்வதும் அநியாயம். ஒரு நாட்டின் பாணுக்கு முன் அது அற்பமே. ஆனால் ஆடம்பரத்துக்காகச் சொல்லப்படும் மிகப் பலமான வாதம் ஒன்றுண்டு. அது அந்தத் தூக்குமரத்தின் முன்னே நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாதத்தை அந்நூற்றாண்டிற் கூச்சமின்றிச் சொன்னவர் பேர்னாட் மாண்டவில் என்ற மருத்துவர். ஒல்லாந்திற் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர். தேனீக்களைப் பற்றிய கதை என்ற நூலில், தனி மனிதரின் தீயொழுக்கங்களே நாட்டுக்கு நன்மையாகின்றன என்றார். பணக்காரியின் வீண்பெருமை நெசவாளிக்கும் தையற்காரிக்கும் சாயமிடுவோனுக்கும் சோறு போடுகிறது. எல்லோரும் எளிமையானால் இவர்கள் பட்டினி கிடப்பர். ஓரிடத்தில், நாட்டைச் செல்வமாக்குவதிற் புரட்டஸ்தாந்து சீர்திருத்தம் வளையம் வைத்த பாவாடையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றுகூட எழுதினார். (கத்தோலிக்கர் நாம் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். நம்மைப் பற்றியும் அவர் நல்லதாக எழுதவில்லை.)

இந்த வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. 10 இறாத்தல் சரிகையும் ஒருவர் கையால் இழைக்கப்பட்டதுதானே? அந்த இலண்டன் உடுப்பின் பின்தொங்கலில் ஒரு கையெழுத்து இருக்கிறது. லெகொந்த் அம்மையாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன் என்ற பொருளில் மக்ட. ஜைல்ஸ் என்று ஒரு பெண் ஒப்பமிட்டிருக்கிறாள். லெகொந்த் என்பது இலண்டனிற் பூவேலை செய்துவந்த ஹியூகனோப் பெண்களோடு தொடர்புபட்ட பெயர். ஹியூகனோக்கள் பிரான்சின் புரட்டஸ்தாந்தர். 1685இல் அவர்களுடைய வழிபாட்டைத் தடை செய்து நாட்டைவிட்டு ஓடச் செய்தவன், சபை உடுப்புக்குச் சட்டம் செய்த அதே பதினான்காம் லூயி. நம்முடைய மதத்தின் பெயரால் அவன் அதைச் செய்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஊசி அப்பெண்ணுக்குச் சோறு போட்டிருக்கும். எதைப் பெற்றாள், எவ்வளவு பெற்றாள் என்பது அந்த ஒப்பத்தில் இல்லை.

வேறிடத்தில் எவ்வளவு என்பது தெரியும். அரசியின் உடைக்கு ஆண்டுதோறும் 1,20,000 லீவர் ஒதுக்கப்பட்டிருந்தது. 1785இற் செலவு 2,58,000 லீவரை எட்டியது. அக்காலத்திற் பாரிசில் ஒரு கூலியாள் நாளுக்கு 20 முதல் 30 சூ வரை உழைத்தான். 20 சூ ஒரு லீவர். ஆண்டில் 250 நாள் வேலை கிடைத்ததென வைத்துக்கொண்டாலும், 700 முதல் 1,000 வரையான கூலியாட்களின் ஓராண்டு உழைப்பு அந்த ஒரு பெட்டகத்தில் அடங்கியது. அந்தப் பட்டு பெரும்பாலும் லியோன் நகரத்துத் தறிகளில் நெய்யப்பட்டது. 1786 ஆகஸ்டில் அந்நகரத்து நெசவாளர், நீட்டல் அளவொன்றுக்கு 2 சூ கூட்டித் தரும்படி கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். படை கொண்டு அவர்களை அடக்கினார்கள். ஆடம்பரம் ஏழைக்கு வேலை கொடுக்கிறது என்ற வாதம் உண்மையே. அந்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

சரி, அரசி எளிமையாக உடுத்திருந்தால்? உடுத்தார். 1783இல் விஜே லெ புரூன் என்ற பெண் ஓவியர், வெள்ளை மஸ்லின் அங்கியும் வைக்கோல் தொப்பியுமாக அவரை வரைந்து பாரிசுக் கண்காட்சியில் வைத்தார். கூடு இல்லை, கச்சு இல்லை, சரிகை இல்லை. பெரும் கண்டனம் எழுந்தது. அரசி உள்ளுடுப்போடு நிற்கிறார் என்றார்கள். பட்டை விட்டுப் பருத்தியை உடுத்தி லியோன் நெசவாளரின் வயிற்றில் அடிக்கிறார் என்றார்கள். படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடுத்திய வேறொன்றை வைத்தார்கள். அந்த அங்கியின் மாதிரியோ, அடிமைகளின் உழைப்பால் வாழ்ந்த கரிபியன் தீவுகளின் பிரெஞ்சுக் குடியேற்றப் பெண்களிடமிருந்து வந்தது. எளிய உடையாலும் பெருமை தேடலாம் என்று புனித தோமஸ் எச்சரித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2,58,000 லீவர் செலவானது இந்த வெள்ளை அங்கிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் என்பதையும் மறக்க வேண்டாம்.

பருத்தி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சோழமண்டலக் கரையில் நமது இனத்துக் கைவினைஞர் எழுதிய பூச்சீலைகளைப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை செய்திருந்தது. தங்கள் பட்டு நெசவையும் கம்பளி நெசவையும் காக்கவே அந்தத் தடை. பெண்களோ ஒளித்து உடுத்தினார்கள். அந்தச் சீலைகளின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் நம்மவர் வெயிலில் குந்தியிருந்து தோண்டிய அதே வேர்தான். ஐரோப்பியப் பெண்களின் நாகரிகம் நமக்கு அந்நியமான கதை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

ஆகவே பாவாடையின் அகலத்தை அளந்து பாவத்தைக் கணக்கிட என்னால் இயலவில்லை. கட்டாயத்துக்கு உடுத்தவளின் கணக்கு வேறு. தெரிந்தெடுத்து உடுத்தவளின் கணக்கு வேறு. கட்டாயமாக்கியவனின் கணக்கு இன்னும் வேறு. அளக்க ஒன்று உண்டென்றால், அது கடைக்காரியின் கணக்குப் புத்தகம் என்று நினைக்கிறேன். கூலியாளின் கூலியைக் கொடாதிருத்தல், பழிவாங்கும்படி வானத்தை நோக்கிக் கூவும் பாவங்களுள் ஒன்றென ஞானோபதேசத்திற் சிறு வயதில் மனனஞ் செய்தோம். 6 அடிப் பாவாடைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ரோஸ் பெர்த்தனின் புத்தகங்களில் ஐரோப்பாவின் உயர்ந்த குடும்பங்களின் பெயர்கள் பல இருந்தன. பெயருக்கு எதிரே தீராத தொகைகளும் இருந்தன. புரட்சி வந்தபோது அவர்களிற் சிலர் கொலைமேடை ஏறினர். பலர் நாடுவிட்டு ஓடினர். பெர்த்தன் 1813இற் காலமானார். அதன் பின்னரும் அவருடைய வாரிசுகள், என்றோ கிழிந்துபோன உடுப்புகளின் விலையை வசூலிக்க அந்தக் குடும்பங்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.